சீனுவோட உண்ணி ஜுரம்: ஒரு சொட்டு ரத்தத்துல நான் பாத்தது

போன வருஷம் மே மாசம். வேலூர் வெயில பத்தி நான் புதுசா என்ன சொல்றது, கத்திரி ஆரம்பிச்சா பாலாத்து மணல்ல கால் வெக்க முடியாது, எங்க ஊசூர் பக்கம் மலைப்பாறை ராத்திரி 7 மணிக்கும் அனலடிக்கும். அதனால எங்க சீனு சாப்பிடாம பாத்ரூம் தரையில வயித்த ஒட்டிகினு படுத்தப்ப வீட்ல ஒருத்தரும் பெருசா எடுத்துக்கல. வெயிலுக்கு மனுஷனே சாப்பிட மாட்டேங்கறான், நாய் சாப்பிடுமானு நானே தான் சொன்னேன். மோர் வெச்சோம், தயிர் சோறு பிசைஞ்சு வெச்சோம், ரெண்டு நக்கு நக்கிட்டு திரும்பி படுத்துக்கும். அப்படியே 3 நாள் போச்சு.

நாலாவது நாள் காலையில வாசல் கழுவப் போன எங்கம்மா தான் கூப்பிட்டாங்க. "இன்னாடா இது, டிகாஷன் மாதிரி மோண்டு வெச்சிகீறான்." போய்ப் பாத்தா சிமெண்டு தரையில நெஜமாவே ஸ்ட்ராங்கா போட்ட டீ கலர்ல காஞ்சு கெடக்கு. அந்த கலர் தான் மொதல் சாட்சி, அத நான் அன்னிக்கு புரிஞ்சுக்கல. மஞ்சக்காமாலையோனு நெனச்சேன்.

வண்டியில முன்னாடி நிக்க வெச்சு டவுன்ல ஒரு எடத்துக்கு இட்டுகினு போனேன். தொட்டுப் பாத்தாங்க, ஜுரம்னாங்க, ரெண்டு ஊசி போட்டாங்க, ரத்தம் எதுவும் எடுக்கல. அன்னிக்கு சாயங்காலமே எழுந்து வால ஆட்டிகினு முட்ட சாப்பிட்டான். எங்களுக்கு ஒரே சந்தோஷம், கைராசியான ஆளுனு தெருவுல ரெண்டு பேருக்கு சொல்லி வேற வெச்சேன். அந்த ஊசில ஒண்ணு ஸ்டீராய்டுனு சீட்டப் பாத்து அடுத்த டாக்டர் சொன்னப்ப தான் தெரிஞ்சுது. ரெண்டு நாள் நல்லா இருந்தான், மூணாவது நாள் காலையில எழுந்து நிக்கறான், பின்னங்கால் தள்ளாடுது, ஒதட்ட தூக்கிப் பாத்தா ஈறு சுண்ணாம்பு அடிச்ச சுவரு மாதிரி வெள்ளையா இருக்கு, கண்ணு ஓரத்துல லேசா மஞ்ச.

இந்த முறை காட்பாடி பக்கம் வேற ஒரு டாக்டரம்மா. சின்ன கிளினிக் தான், ஆனா மேசை மேல மைக்ராஸ்கோப் இருந்துச்சு, அத பாத்ததும் எனக்கு பாதி தெம்பு வந்துச்சு. சீனு லேப்ரடார் கலப்பு, அப்போ வயசு 3, எடை 24 கிலோ. ஜுரம் 104.5. நாய்க்கு சாதாரணமாவே 101ல இருந்து 102.5 வரைக்கும் இருக்கும், அது நம்ம கணக்கு இல்ல, அதனால கையால தொட்டுப் பாத்து ஜுரம்னு சொல்றது, ஜுரம் இல்லனு சொல்றது ரெண்டுமே வேலைக்காவாது. தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி வெச்சுக்கோங்க, வால தூக்கி பின்னாடி வெச்சுப் பாக்கணும், நாலு தடவ பண்ணா பழகிடும்.

காது நுனியில ஊசியால ஒரு குத்து குத்தி அந்த சொட்ட கண்ணாடி ஸ்லைடுல இழுத்தாங்க. காது நுனி ஏன்னு கேட்டேன். அங்க இருக்கற நுண்ணிய ரத்தக்குழாய்ல கிருமி புகுந்த அணுங்க தேங்கி நிக்கும், கை நரம்புல எடுக்கற ரத்தத்த விட இதுல கண்ணுல மாட்ட வாய்ப்பு அதிகம்னாங்க. அடுத்தது தலமுடி மாதிரி ஒரு கண்ணாடிக் குழாய்ல ரத்தம் எடுத்து மிஷின்ல சுத்த வுட்டாங்க. வெளிய எடுத்தா அடியில சிவப்பு கொஞ்சூண்டு, மேல தெளிஞ்ச நீரு மஞ்சளா. பி.சி.வி.னு சொல்றாங்க, மொத்த ரத்தத்துல சிவப்பணு எவ்ளோ எடம் அடைச்சிருக்குங்கற கணக்கு. ஒழுங்கா இருக்கற நாய்க்கு 37ல இருந்து 55 சதவீதம். சீனுவுக்கு 14.

மூணாவதா பண்ணது தான் எனக்கு மறக்கவே மாட்டேங்குது. ஒரு ஸ்லைடுல அவன் ரத்தம் ஒரு சொட்டு, கூட சலைன் கொஞ்சம் வுட்டு லேசா ஆட்டினாங்க. பாத்துகினே இருக்கேன், பொடிப் பொடியா கட்டி தட்டுது, உப்புமா கிளறும்போது ரவை திரண்டுக்குமே அந்த மாதிரி. "இது கிருமி பண்ற வேலை இல்ல சார், இது இவனே பண்றது"ன்னாங்க. கிருமிய புடிக்க ஒடம்பு தயார் பண்ற ஆன்டிபாடி இவனோட சிவப்பணுவையே புடிச்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வெக்குதாம்.

அப்பறம் ஸ்லைடுக்கு சாயம் போட்டு காய வெச்சு பாத்துட்டு என்னையும் கூப்பிட்டு காட்டினாங்க. வெளிர் ரோஸ் கலர்ல வட்ட வட்டமா அணுங்க, அதுல எங்கயோ ஒண்ணுல குட்டியா ஒரு மோதிரம், ஊதா கலர்ல, ஒரு பக்கம் கல்லு வெச்ச மாதிரி புள்ளி. பபீசியா, உண்ணி கடிச்சு சிவப்பணுக்குள்ள ஏறற கிருமி. அதுல ஜிப்சோனின்னு சின்ன ரகம். பெரிய ரகம் ஒண்ணு இருக்கு, அது ஜோடி ஜோடியா பேரிக்கா வடிவத்துல தெரியும், ரெண்டுக்கும் மருந்து வேற வேற. அதனால தான் ஸ்லைடு பாக்காம "உண்ணி ஜுரம்"னு பொதுவா ஊசி போடறது சரியில்ல. அதுவும் இல்லாம எர்லிக்கியான்னு இன்னொரு கிருமி, அது பேக்டீரியா வகை, அதையும் உண்ணி தான் கொண்டாந்து வுடும், நெறைய நாய்க்கு ரெண்டும் சேந்தே இருக்கும்.

நான் தேடித் தேடி மோதிரத்த எண்ணிப் பாத்தேன், நூறு அணுவுக்கு ஒண்ணு ரெண்டு கூட தேறல. அப்பறம் எப்படி மேடம் மூணுல ரெண்டு பங்கு ரத்தம் காணோம்னு கேட்டேன். அந்த கேள்விக்கு அவங்க சொன்ன பதில் தான் இத எழுதவே காரணம், என் பாஷையில சொல்றேன்.

உண்ணி கடிக்கும்போது மொதல்ல அதோட எச்சில் தான் உள்ள போவுது. அந்த எச்சில்லயே ரத்தம் உறையாம இருக்கவும், கடிச்ச எடத்துல ஒடம்போட காவல மந்தமாக்கவும் சரக்கு இருக்கு, அதனால தான் நாள் கணக்கா ஒட்டிகினு இருந்தாலும் நாய் பாட்டுக்கு தூங்கும். பபீசியா அந்த எச்சில் சுரப்பில இருக்கு, ஆனா கடிச்ச உடனே ஏறிடாது, உண்ணி ரத்தம் குடிக்க ஆரம்பிச்ச பிறகு தான் அது முழுசா தயாராவும், அதுக்கு ரெண்டு மூணு நாள் ஆவும். தெனம் தடவிப் பாத்து உண்ணி எடுங்கன்னு சொல்றது இதுக்குத்தான், அழகுக்கு இல்ல.

உள்ள போன கிருமி நேரா சிவப்பணுக்குள்ள பூந்துக்கும். நல்ல மறைவெடம் அது. மத்த செல்லுக்குள்ள ஒரு கிருமி பூந்தா அந்த செல்லு கிருமியோட துணுக்க எடுத்து தன் தோல் மேல மாட்டி காட்டிக்கொடுக்கும், டி செல்னு ஒரு வெள்ளையணு வந்து அந்த செல்லையே சாவடிச்சிடும். சிவப்பணுவுக்கு நியூக்ளியஸும் கெடையாது, இந்த மாதிரி காட்டிக்கொடுக்கற வசதியும் கெடையாது. கதவ உள்பக்கம் தாப்பாள் போட்டுகினு ஒக்காந்திருக்கற திருடன்.

அப்போ யாரு புடிக்கறது? மண்ணீரல். எனக்கு கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட் தான் ஞாபகம் வந்துச்சு, சித்தூர் ரோட்ல வர்ற லாரியெல்லாம் நின்னு தானே போவணும், அந்த மாதிரி ஒடம்புல சுத்தற சிவப்பணு எல்லாம் மண்ணீரல் வழியா நெளிஞ்சு தான் போயாவணும். அங்க மேக்ரோபேஜ்னு பெரிய வெள்ளையணுங்க காவலுக்கு நிக்கும். கிருமி இருக்கற அணு வெரப்பா இருக்கும், நெளிய முடியாது, அத அப்படியே முழுங்கிடும். கூடவே டி செல் இன்டர்ஃபெரான் காமான்னு ஒரு சரக்க வுட்டு அந்த காவலுங்கள இன்னும் உசுப்பேத்தும், ஆன்டிபாடி தயாராயி வந்து கிருமி மேலயும் கிருமி இருக்கற அணு மேலயும் ஸ்டிக்கர் ஒட்டும், ஸ்டிக்கர் இருக்கறத பாத்தா காவலுக்கு இன்னும் சுலுவு. ஜுரமும் இந்த சண்டையில ஒரு பாகம் தான்.

இது வரைக்கும் எல்லாம் சரி. வெனை எங்கன்னா, இந்த களேபரத்துல நல்ல சிவப்பணுவோட தோலும் அடிபடுது, அது மேலயும் ஸ்டிக்கர் ஏறுது. அவசரத்துல செக்போஸ்ட்ல சரக்கு லாரி, கல்யாண வண்டி, பால் வண்டி எல்லாத்தையும் ஓரங்கட்டின கதை. ஒரு அணுல கிருமி இருந்தா அதுக்கு பல மடங்கு நல்ல அணுவையும் மண்ணீரல் தின்னு தீக்குது, அதனால தான் அது வீங்கி கையில தட்டுப்படுது, சீனுவுக்கு எடது பக்க விலா எலும்புக்கு கீழ என் கைய வெச்சு அழுத்திக் காட்டினாங்க. ஒடைஞ்ச அணுல இருந்து வர்ற சாயம் தான் மஞ்ச கண்ணும், டிகாஷன் மூத்திரமும். பிளேட்லெட்டும் இதே மாதிரி அடிவாங்கி 38,000ல இருந்துச்சு, 2 லட்சத்துக்கு மேல இருக்க வேண்டியது.

அந்த ஸ்டீராய்டு ஊசி மேட்டருக்கு வர்றேன். ஸ்டீராய்டு இந்த சண்டைய அடக்கும், அதனால ஜுரம் எறங்கும், பசி எடுக்கும், பாக்கறவனுக்கு கொணமான மாதிரி இருக்கும். ஆனா கிருமிக்கு மருந்து குடுக்காம காவல மட்டும் தூங்க வெச்சா கிருமி இஷ்டத்துக்கு பெருகும், சீனுவுக்கு அது தான் ஆச்சு. ஸ்டீராய்டே விஷம்னு நான் சொல்ல வரல, கிருமி எதுவும் இல்லாமலே ஒடம்பு தன் ரத்தத்த தானே அழிக்கற நோய் ஒண்ணு இருக்கு, அதுல அது தான் உசுர காப்பாத்தும். இங்க மொதல்ல கிருமிய அடிக்கணும், அப்படியும் ரத்தம் ஒடையறது நிக்கலன்னா கொஞ்ச நாளைக்கு டாக்டர் பாத்து குடுப்பாங்க. முறை மாறினா கதை மாறிடும்.

பி.சி.வி.ய 14ல வெச்சுகினு மருந்து வேலை செய்யற வரைக்கும் காத்திருக்க முடியாது, ரத்தம் ஏத்தணும்னாங்க. நாய்க்கு ரத்தத்துக்கு எங்க போறது? எங்க தெருவுல ரிட்டயர்டான போலீஸ்காரர் ஒருத்தர் கிட்ட 34 கிலோவுல ஒரு அல்சேஷன் இருந்துச்சு, அவர் கிட்ட கேக்கவே எனக்கு கூச்சம், ஏன்னா போன பொங்கலுக்கு தான் குப்பை கொட்டறதுல அவரோட வாய்த் தகராறு. மனுஷன் ஒரு வார்த்த பேசல, செருப்ப மாட்டிகினு வந்துட்டார். அந்த நாய்க்கும் மொதல்ல ஸ்லைடு பாத்தாங்க, ஏன்னா ரத்தம் வழியாவே இந்த கிருமி போவும், அப்பறம் ரெண்டு ரத்தத்தையும் கலந்து ஒத்துப்போவுதானு பாத்தாங்க. நம்மள மாதிரி இல்ல, நாய்க்கு மொத தடவ ரத்தம் ஏத்தறப்ப பெரும்பாலும் பிரச்சன வராது, பொறக்கும்போதே அடுத்த குரூப்புக்கு எதிரா பலமான ஆன்டிபாடி அதுங்களுக்கு கெடையாது. ரெண்டாவது தடவன்னா தான் ஆபத்து, அதுக்குள்ள ஒடம்பு கத்துக்கும். 350 மில்லி ஏறுச்சு, 4 மணி நேரம், நான் தரையில ஒக்காந்துகினே இருந்தேன். முடியும்போது பி.சி.வி. 21. ஈறு வெள்ளையில இருந்து லேசா ரோஸ்.

மருந்து எங்களுக்கு மூணு ஆன்டிபயாட்டிக் சேந்த கோர்ஸ், கிளிண்டாமைசின், டாக்ஸிசைக்ளின், மெட்ரோனிடசோல், பல வாரம். அட்டோவாகுவோன் கூட அசித்ரோமைசின் சேத்து 10 நாள் குடுக்கற முறையும் இருக்கு, அது தான் இந்த சின்ன ரகத்துக்கு பேர் போனது, ஆனா வெல அதிகம், அந்த நேரத்துல எங்களுக்கு கெடைக்கவும் இல்ல. அளவு நான் எழுத மாட்டேன், எடைக்கு தகுந்த மாதிரி டாக்டர் தான் சொல்லணும். ஒண்ணு மட்டும் சொல்றேன், டாக்ஸிசைக்ளின் மாத்திரைய வெறுமனே தொண்டையில தள்ளிட்டு வுட்டுடாதீங்க, உணவுக்குழாய்ல ஒட்டி புண்ணாக்கும், சோத்தோட குடுத்து தண்ணி குடிக்க வெக்கணும். ரெண்டாவது வாரம் மெட்ரோனிடசோல் கசப்புக்கு சீனு என் வெரலையே பாக்க ஆரம்பிச்சுட்டான், மாத்திரை இருக்கற கை எதுன்னு அவனுக்கு தெரியும்.

மொத 3 நாள் ஏறின ரத்தமும் கொஞ்சம் ஒடைஞ்சு 19க்கு எறங்குச்சு, எனக்கு உசுரே இல்ல. அஞ்சாவது நாள்ல இருந்து எலும்பு மஜ்ஜை புது அணு தயார் பண்ணி அனுப்ப ஆரம்பிச்சுது, ஸ்லைடுல பெருசா நீலம் கலந்த அணுங்க தெரிஞ்சுது. ஆறாவது வாரம் 36.

இதுக்கு நடுவுல தெருவே வைத்தியரா மாறிடுச்சு. அயர்ன் டானிக் குடுங்கன்னாங்க. அணு ஒடம்புக்குள்ளயே தானே ஒடையுது, இரும்பு எங்கயும் போவல, அது திரும்ப பயன்படும், அதனால டானிக்கால பெருசா ஒண்ணும் ஆவாது. ஒரு அக்கா பூண்டு அரச்சு குடுத்தா உண்ணி கிட்டவே வராதுன்னாங்க. தயவு செஞ்சு இத மட்டும் பண்ணாதீங்க, பூண்டும் வெங்காயமும் நாயோட சிவப்பணுவ ஒடைக்கும், ஏற்கெனவே 14ல இருக்கறவனுக்கு பூண்டு குடுத்தா என்னாவும்? மாட்டுக்கு அடிக்கற உண்ணி மருந்த கண்ணளவுல கலந்து நாய் மேல ஊத்தறதும் அப்படித்தான். அந்த தப்ப முன்னாடி வருஷம் நானே பண்ணிருக்கேன், எச்சில் வடிய நடுங்கிகினு கெடந்தான், சோப்பு போட்டு கழுவி தப்பிச்சான்.

எங்க வீட்டு கேட்டுக்கு வெளிய பொன்னினு ஒரு நாட்டு நாய், காதுக்குள்ள எப்பவும் உண்ணி கொத்தா இருக்கும், ஆனா கல்லு மாதிரி இருக்கும், வருஷா வருஷம் குட்டி போடும். அவளுக்கு மட்டும் ஏன் ஒண்ணும் ஆவலன்னு எனக்கு ஆத்திரம். கருத்தடைக்கு இட்டுகினு போனப்ப அவ காதுலயும் ஒரு குத்து குத்தி பாக்க சொன்னேன். இருந்துச்சு. ரொம்ப நேரம் தேடி ஒரே ஒரு மோதிரம். டாக்டரம்மா ஆச்சரியமே படல. அவ ஒடம்பும் கிருமியும் பங்காளிங்க மாதிரி, ஒரே வீட்ல நடுவுல சுவரு வெச்சிகினு இருக்காங்கன்னாங்க. கிருமி கொஞ்சமா உள்ளயே இருக்கும், அது இருக்கறதாலயே காவலும் மறக்காம முழிச்சிருக்கும், புதுசா ஏறினா அடக்கிடும். ஆனா இத கேட்டுட்டு நாட்டு நாய்க்கு நோயே வராதுன்னு நெனக்கக் கூடாது, பொன்னி போட்ட குட்டிங்கள்ல எத்தன பெருசாச்சுன்னு நான் எண்ணிப் பாத்தா ஒரு கை வெரலே மிச்சம்.

இன்னொரு விஷயம், இந்த சின்ன ரகம் எங்கயோ வெளிநாட்டுல இருந்து வந்ததும் இல்ல. 1910ல பேட்டன்னு ஒருத்தர் இத மொத மொதல்ல எழுதி வெச்சது மெட்ராஸ் ஹண்ட்னு வெள்ளக்காரங்க நரி வேட்டைக்கு வெச்சிருந்த நாய்ங்க ரத்தத்துல பாத்து தான், அப்பறம் நம்ம ஊரு குள்ளநரியிலயும் கெடச்சுது. சீமையில இருந்து கப்பல்ல வந்த வேட்டை நாயெல்லாம் இங்க வந்து இதுல மாட்டுச்சு.

நாய்ல இருந்து நமக்கு ஒட்டுமானு அம்மா பயந்தாங்க, பக்கத்து வீட்ல அப்போ தான் ஸ்க்ரப் டைஃபஸ்னு ஒருத்தர் ஆஸ்பத்திரில இருந்து வந்திருந்தார். அது வேற, வேலூர் பக்கம் மழைக்கு அப்பறம் நெறைய வரும், புதர்ல இருக்கற ரொம்ப பொடி பூச்சி கடிச்சு வர்றது, கடிச்ச எடத்துல சிகரெட் சுட்ட மாதிரி கருப்பா இருக்கும். நாயோட பபீசியா தொட்டா கொஞ்சினா நமக்கு வராது. அதுக்காக உண்ணிய வெறுங்கையில நசுக்காதீங்க, மனுஷனுக்கு வர்ற வேற ஜுரம் கொண்டு வர்ற உண்ணியும் இதே உண்ணி தான்.

வீட்டு விஷயம் தான் எனக்கு பெரிய பாடம். நாய் மேல இருக்கற உண்ணிய பொறுக்கி எடுத்தா முடிஞ்சுதுன்னு நெனச்சுகினு இருந்தேன். ரத்தம் குடிச்சு உப்பின உண்ணி தானா கீழ வுழுந்து சுவர் ஏறி வெடிப்புல பூந்துக்கும், ஒரு பொட்ட உண்ணி ஆயிரக்கணக்குல முட்டை வுடும். எங்க மாடிப்படிக்கு கீழ சீனு படுக்கற எடத்துல பூச்சு பெயர்ந்த ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்தேன், கேழ்வரகு கொட்டி வெச்ச மாதிரி இருந்துச்சு. கொத்தனார வெச்சு அந்த மூலை முழுக்க சிமெண்ட் பால் ஊத்தி அடச்சு, சாக்கு எல்லாம் எரிச்சு, ஆள வெச்சு மருந்து அடிச்சு, சீனுவ ரெண்டு நாள் மாடியில வெச்சோம். சீனுவுக்கு இப்போ மாசம் ஒரு உண்ணி மாத்திரை, டாக்டர் எழுதி குடுத்தது. வலிப்பு வந்த நாய்னா அந்த ரக மாத்திரைக்கு முன்னாடி கண்டிப்பா டாக்டர் கிட்ட சொல்லணும்.

கோர்ஸ் முடிஞ்சு 60 நாள் கழிச்சும் 90 நாள் கழிச்சும் பி.சி.ஆர்., அதாவது கிருமியோட மரபணு ரத்தத்துல இருக்கானு தேடற டெஸ்ட், பாக்கணும்னு சொல்லியிருந்தாங்க. மொத டெஸ்ட் நெகட்டிவ், நான் கேக் வெட்டாத கொறை. தீபாவளி வந்துச்சு, 3 நாள் வெடி சத்தம், கட்டிலுக்கு அடியில நடுங்கிகினே இருந்தான், அதுக்கு அடுத்த வாரம் சோறு வெச்சா மோந்து பாத்துட்டு போறான். இந்த முறை நான் வெயில், மழைனு காரணம் தேடல. ஒதட்ட தூக்கிப் பாத்தேன், லேசா வெளுப்பு. அன்னிக்கே ஓடினேன், பி.சி.வி. 29, பிளேட்லெட் கம்மி, ஸ்லைடுல ஒண்ணும் இல்ல, ரெண்டாவது பி.சி.ஆர். பாசிட்டிவ். பங்காளி வீட்ட காலி பண்ணல, நடு சுவருக்கு அந்தப் பக்கமே தான் இருந்திருக்கான், பயத்துல நாய் ஒடம்பு அசந்த நேரமா பாத்து எட்டிப் பாத்தான். ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்திருந்தா இந்த கதை தெரிஞ்சிருக்காது, அது ஒரு தடவ நோய் வந்துட்டா பல மாசம் பாசிட்டிவாவே இருக்கும், பழைய சண்டையா புது சண்டையானு சொல்லாது. திரும்ப மருந்து, ஆனா ரத்தம் ஏத்தற நெலம வரல.

இப்போ எங்கம்மா தெனம் காலையில வாசல் தெளிச்சுட்டு, ஈர கைய முந்தானையில தொடச்சுகினு, சீனு பக்கத்துல குந்தி அவன் மேல் ஒதட்ட வெரலால தூக்கி பாப்பாங்க. அவனும் பழகிட்டான், தூக்கறதுக்கு முன்னாடியே மூஞ்சிய நீட்டறான். ஈற ஒரு அழுத்து அழுத்தி வுட்டு, வெளுத்த எடம் திரும்ப சிவக்கற வரைக்கும் "ஒண்ணு, ரெண்டு"ன்னு எண்ணுவாங்க. அப்பறம் உள்ள பாத்து கொரல் குடுப்பாங்க, "இன்னிக்கு செவப்பா கீதுடா."